நூற்று அறுபத்துமூன்று

இரவு பத்துக்கு ஏற்றினோம்.
பதினான்கு பவுண்டு மாட்டு நெஞ்சுக்கறி,
உப்பும் மிளகும் மட்டும்.
சர்க்கரை தூவுகிறவன் இந்தக் கொல்லையில்
நாற்காலி கேட்கக் கூடாது என்பது
டெல்பர்ட் போட்ட சட்டம்.

எண்ணெய்ப் பீப்பாயைக் குறுக்கே பிளந்து
கீல் பொருத்தி அவனே பற்றவைத்த அடுப்பு.
இரண்டு அர்த்தத்திலும் பற்றவைத்தது.

மஸ்கோகியில் ஜூலை.
இருட்டியும் இறங்காத வெக்கை.
வேலிக்கு அப்பால் யாரோ
புல்லுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு மறந்து தூங்குகிறார்கள்.

கறி முதலில் விறுவிறுவெனச் சூடேறும்,
வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாம் எல்லாரும் போல.
நூற்று அறுபத்துமூன்றில் முள் நின்றுவிடும்.
ஒரு மணி நேரம். இரண்டு.
செத்த பிறகும் சண்டித்தனம் விடாத மாடு.
அதுக்கு வியர்க்குது என்பான் வெர்னான்,
ஈரம் காயுற வரைக்கும் ஏறாது.
காகிதத்துல சுத்தினா சீக்கிரம் ஆகும் என்பாள் மரிசோல்.
சுத்துறதா இருந்தா உன் வீட்டு மைக்ரோவேவ்ல வச்சுக்கோ என்பான் டெல்பர்ட்.
பதினோரு வருடமாக நடக்கிற வழக்கு.
தீர்ப்பு வந்துவிட்டால் பேச என்ன மிஞ்சும் என்று
இரு தரப்பும் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டரை மணிக்குப் புகை மாறியது.

நல்ல புகை நீலமாக,
இருக்கிறதா இல்லையா என்று போகும்.
இது வெள்ளை. தடித்தது. ஈரக்கட்டையின் கசப்பு.
கண்ணை மூடிக்கொண்டாலும் தொண்டையில் வந்து உட்காரும்.
காற்று அதை அள்ளி டெல்பர்ட் முகத்திலேயே கொட்ட,
அவன் ஏரியில் தப்பிய கெளுத்தியின் நீளத்தைக்
கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

மூன்று வீடு தள்ளி ஒருவன் பச்சைக்கட்டை போட்டால்
பெயர் சொல்லித் திட்டுகிற மூக்கு அது.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
பின்னால் நடப்பதெல்லாம் எனக்குக் கண்ணாடியில்தான் தெரியும்,
கொஞ்சம் தாமதமாக.
ஜனவரியில் அவனுக்கு வந்த காய்ச்சல்.
அதற்குப் பிறகு காபியே வேண்டாமென்றது.
ஈஸ்டருக்கு நான் சுட்டுக் கொண்டுபோன பீச் பையைத் தின்றுவிட்டு
"நல்லா மெதுவா இருக்கு" என்றது.
ருசியைக் கேட்டால் மெதுமையைச் சொன்னவன்.

வெர்னான் என்னைப் பார்த்தான்.
நான் என் செருப்பைப் பார்த்தேன்.

மரிசோல்தான் எழுந்தாள்.
"கால் மரத்துப்போச்சு" என்று
யாரும் கேட்காத காரணம் ஒன்றைச் சொல்லிவிட்டு,
போகிற போக்கில் அடுப்பின் காற்றுவழியைத் திறந்தாள்.
கட்டையை இடுக்கியால் இழுத்து மண்ணில் போட்டு மிதித்தாள்.
திரும்பி வந்து உட்கார்ந்து
ஊர்வம்பு பேசும் அதே குரலில் ஆரம்பித்தாள்:

பீக்கன் கட்டை இப்பதான் வாசனை விடுது,
வறுத்த கொட்டையோட தோல் மாதிரி.
இடது பக்கம் கொழுப்பு சொட்டிப் பொசுங்குது.
மிளகு முன்னாடி வந்து நிக்குது இன்னைக்கு.
எதிர் வீட்டுல புல் வெட்டியிருக்காங்க.
வெர்னான், உன் சட்டையைப் பத்தி நான் பேச விரும்பல.

விடியும்வரை நிறுத்தவில்லை.
காகிதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டெல்பர்ட் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டான்.
வெகுநேரம் கழித்து,
"இடது பக்கம், எவ்வளவு?" என்றான்.
"லேசாத்தான்."
எழுந்துபோய்த் தணலைத் தள்ளிவிட்டு வந்தான்.
கெளுத்தி விட்ட இடத்திலேயே விட்டது.

நாலே முக்காலுக்கு முள் அசைந்தது.
நூற்று அறுபத்துநான்கு.
யாரும் கைதட்டவில்லை.

மதியம் அறுத்தான்.
முதல் துண்டை விரலில் தொங்கவிட்டு ஆட்டினான்.
வளைந்தது, ஒடியவில்லை.
அதுவரை விரலுக்குத் தெரியும்.
வாயில் போட்டு மென்று
மரிசோலைப் பார்த்தான்.

"உப்பு?"

"கூடிப்போச்சு."

"பதினோரு வருஷமா இதையேதான் சொல்ற"
என்று இன்னொரு துண்டு எடுத்தான்.

அன்றைக்கு உண்மையாகவே கூடிப்போயிருந்தது.
ஆளுக்கு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தோம்,
வெயிலைத் திட்டிக்கொண்டே.