காற்புள்ளிகள்

ஜொயின்வில்லியில் எது கெட்டாலும் பழி மழைமேல்தான்.
ரொட்டியில் பூசணம் பூத்தால், பேருந்து பிந்தினால்,
என் மைத்துனன் வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடந்தால்.
ஆகவே நாற்பத்தோரு எஞ்சின் தலைகள்
கடைசல் பட்டறையிலிருந்து துளையோடு திரும்பி வந்தபோது
யாரும் அதிகம் யோசிக்கவில்லை.
"மணலில் ஈரம், இவோனெச்சி" என்றான் உலைக்கார ஓஸ்னி.
"இவன் கரண்டி காயவில்லை" என்றான் மணல் கலக்கும் வல்தெசீர்.
பிறகு இருவரும் ஒன்றுசேர்ந்து கூரையைப் பார்த்தார்கள்.
தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது மழை,
எதையும் மறுக்காமல்.

ஒரு தலையை ரம்பத்தில் வைத்துக் குறுக்கே அறுத்தேன்.
வாயு எப்போதோ போய்விட்டது.
அது படுத்திருந்த இடம் மட்டும் இரும்பில் பள்ளமாக.

மேல்முகத்தில், கசடோடு ஒட்டிய ஓட்டை என்றால்
இரும்பை ஆறவிட்டு ஊற்றியிருப்பார்கள்.
தோலுக்கு அடியில், கடுகளவில், உருண்டையாக,
உள்ளே பளபளத்து, அந்தப் பளபளப்பின்மேல்
பாலாடைபோல் கரியேடு படிந்திருந்தால் ஹைட்ரஜன்.
தண்ணீரின் பிள்ளை அது.
அப்போது மழையைக் கூண்டில் ஏற்றலாம்.
உண்மையைச் சொன்னால்
அந்த முற்றுப்புள்ளிகளைத்தான் தேடினேன்.
அறிக்கை எழுத எளிது.

மணலின் ஈரம் மூன்று புள்ளி இரண்டு. என்றும் உள்ளதுதான்.
கரண்டிப் பூச்சு கைவைக்க முடியாத சூட்டில் இருந்தது.
முட்டுக்கொடுக்கும் ஆணிகளில் துரு இல்லை.

ஆகஸ்டில் பதினொரு நாள் வானம் வாய்மூடிக்கொண்டது.
மாடிதோறும் போர்வைகள் காய்ந்தன.
மேற்கே மலை, மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது.
அந்தப் பதினொரு நாளும் துளை விழுந்தது.
வல்தெசீர் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி,
"இன்னும் கொஞ்சம் ஈரம் காற்றில் இருக்கும்" என்றான்.

துண்டைத் தேய்த்தேன். கண்ணாடியாகும்வரை தேய்த்தேன்.
நுண்ணோக்கியின் அடியில்
உருண்டையே இல்லை.
இரும்பு உறையும்போது கிளைவிடும் அல்லவா,
அந்தக் கிளைகளின் இடுக்கில் நெரிபட்டு, நீண்டு,
வால் வளைந்து
காற்புள்ளிகள்.
பக்கம் முழுக்கக் காற்புள்ளிகள்,
ஒரு வாக்கியமும் முடியவில்லை.

நைட்ரஜன்.
நம் ஒவ்வொரு மூச்சிலும் பெரும்பங்கு அதுதான்,
யாரையும் அது எதுவும் செய்ததில்லை.
கோர் பிசினைச் சந்தேகித்தேன். அதே பீப்பாய், அதே அளவு.
பிறகு உலைக்கு என்ன போட்டோம் என்ற ஏடு.
ஜூனில் கட்டியிரும்பைக் குறைத்திருக்கிறார்கள்,
எஃகுக் கழிவைக் கூட்டியிருக்கிறார்கள்.
எஃகில் கரி போதாது. அதனால் கரித்தூள்,
மூட்டை மூட்டையாக,
பழையதைவிட விலை மலிவான வேறொரு கரித்தூள்.

அதற்கான ஒப்புதல் தாள் கோப்பின் அடியில் இருந்தது.
சாம்பல்: எழுதியிருந்தது. கந்தகம்: எழுதியிருந்தது.
நைட்ரஜன் என்ற கட்டம் காலி.
யாரும் நிரப்பவில்லை, யாரும் கேட்கவில்லை.
கேட்க வேண்டியவளின் கையெழுத்து கீழே,
அவசரத்தில் போட்டது,
கடைசி எழுத்தின் வால் இடப்பக்கம் வளைந்து.

உலைக்கூடத்துக்குப் போய் இருவரிடமும் சொன்னேன்.
வல்தெசீர் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டான்.
"அப்போ மழை?" என்றான் ஓஸ்னி.
"மழை இல்லை."
வெளியே தொடங்கியிருந்தது.

பழைய தூளுக்கு எழுதிப்போட்டோம். வரும்வரை
ஒவ்வொரு உலைக்கும் அளந்து கொஞ்சம் டைட்டானியம்.
நாற்பத்தோரு தலைகளும் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன.
"உருக்கினால் அந்தத் துளையெல்லாம் எங்கே போகும்?"
என்று கேட்டான் ஓஸ்னி. கேலியாகக் கேட்கவில்லை.
பாதி போகும், பாதி இரும்பிலேயே தங்கும் என்றேன்.
ஒரு தடவைக்கு நாலுக்குமேல் போடாதே.