விழுங்கலாமா

பாடப்புத்தகத்தில் பூட்டும் சாவியும் வரைந்திருந்தார்கள்.
ஆறு வருஷம் இந்த ஒரே நொதியைப் பார்த்தவள் சொல்கிறேன்,
அப்படியெல்லாம் இல்லை.
மெஜஸ்டிக்கில் கிளம்பும் கடைசி பஸ் அது.
ஆள் ஏறினால் நெளியும், முழங்காலை ஒதுக்கும்,
இல்லாத இடத்தில் ஓர் இடம் உண்டாகும்.
உரியவன் ஏறி உட்காருமுன்
ஜன்னல் வழியே ஒரு துண்டு போட்டுவிட வேண்டும்.
என் வேலை அவ்வளவுதான்.
துண்டு நெய்வது.

நூற்றுப் பதினேழாவது துண்டு
ஒரு முனையில் இரண்டு நைட்ரஜன், மறுமுனையில் ஒரு மின்சுமை.
திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
கந்தகத்திடமிருந்து மூன்றரை ஆங்ஸ்ட்ராம்.
மறுநாள் தட்டின் தொண்ணூற்றாறு குழிகளில்
ஒரு வரிசை மட்டும் மஞ்சளாகாமல்
வெறும் தண்ணீராய் நின்றது.
சிவலீலா "ஆயித்து மேடம்" என்று கத்தினாள்.
யஷ்வந்த்பூர் மழையில் நனைந்துபோய்
ஆளுக்கொரு பாதாம் பால் குடித்தோம்.

எதிரியையும் சொல்ல வேண்டும்.
மணல் ஈ கடிக்கையில் சத்தமே வராது.
உடம்பின் காவல்காரன் ஓடிவந்து கிருமியை விழுங்குவான்.
அது அவன் வயிற்றிலேயே அடுப்பு மூட்டிக்
குடித்தனம் நடத்தும், பிள்ளை பெறும்.
அவன் ஊற்றும் நஞ்சையெல்லாம் முறிக்க
அதற்கிருப்பது இந்த நொதிதான்.
நமக்கு இது கிடையாது.
இதன் பங்காளி ஒருத்தன் நம் ரத்தத்தில் உண்டு,
சாயல் அப்படியே. அவனைத் தொட்டுவிடக் கூடாது.

வியாழக்கிழமை திரவ நைட்ரஜன் வரும்.
பீனியாவிலிருந்து டெம்போவில் கொண்டுவருபவர்
பிந்தேஷ்வர் மாஞ்சி.
நான்கு வருஷமாக ரசீதில் கையெழுத்துப் போடுகிறேன்,
பெயரை அன்றைக்குத்தான் படித்தேன்.
திரையில் வால் வைத்த கதிர் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.
இது என்ன, என்றார்.
காலா அசார், என்றேன் என் அரைகுறை ஹிந்தியில்.
கையுறையைக் கழற்றி மோவாயைத் தொட்டுக்காட்டினார்.
மூக்கோரமும் வெளுத்திருந்தது.
வெயில் என்று நினைத்திருந்தேன்.

பத்து வயதில், சாரண் ஜில்லாவில், முப்பது ஊசி.
ஒன்றுவிடாமல் தினம் பதினோரு மைல்
அம்மா சுமந்துபோனாள்.
தம்பியைச் சுமக்க ஆளில்லை.
வயிறு இப்படி, என்று இடப்பக்கம் காற்றில்
ஒரு பூசணிக்காயைப் பிடித்துக் காட்டினார்.
பிறகு கேட்டார்,
உங்கள் மருந்து ஊசியா, விழுங்கலாமா?

அந்த மின்சுமை.
நூற்றுப் பதினேழின் பிடியே அதுதான்.
குடல் சுவரைத் தாண்டவிடாமல் நிறுத்துவதும் அதுதான்.
எனக்குத் தெரியும்.
தெரிந்தேதான் ஆறு வருஷம் பிடியை இறுக்கினேன்,
கட்டுரைக்கு அது போதும்.
"இன்னும் பார்க்கவில்லை" என்றேன்.

வெட்டு, என்று சொன்னபோது சிவலீலா
என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
வெட்டியதும் நாற்பது மடங்கு பலம் போயிற்று.
அடுத்தது கரையவேயில்லை,
குப்பியின் அடியில் வெள்ளையாய்த் தூங்கியது.
முப்பத்தொன்று பங்காளியையும் சேர்த்தே பிடித்தது,
இரண்டு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.
நிதிக் குழுவில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்தபடி
இதை வாங்கப்போவது யார், என்று கேட்டார்.
வாங்க முடியாதவர்கள், என்பது வாய் வரை வந்தது.
ஸ்லைடைத் தள்ளினேன்.

நூற்று நாற்பத்துநான்கை
எலியின் வாயில் சொட்டினோம்.
ரத்தத்தில் தென்பட்டது. ஒரு மணி நேரம்.
அப்புறம் கல்லீரல் தின்றுவிட்டது.

இன்றைக்கும் வியாழன்.
வெண்புகை தரையில் இறங்கி மேஜைக்கால்களைச் சுற்றுகிறது.
பிந்தேஷ்வர் ஊற்றுகிறார், எதுவும் கேட்கவில்லை.
மகளை ஜாலஹள்ளியில் பள்ளியில் சேர்த்தாயிற்றாம்,
கன்னடத்தில் எண்ணுகிறாளாம், நூறு வரை.

அவர் போனபின் நோட்டில்
நூற்று நாற்பத்தைந்து என்று எழுதினேன்.
பக்கத்தில் ஒரு வட்டம்,
பத்து வயசுத் தொண்டையில் இறங்குகிற அளவுக்கு.
பெரிதாகத் தோன்றியது.
அடித்துவிட்டு
இன்னும் சின்னதாக வரைந்தேன்.