கோடு பதினேழு

ஆகஸ்ட். காலை ஆறே முக்கால்.
நீர் முழுக்க வற்ற இன்னும் நாற்பது நிமிடம்.
வெஸ்ட் பீச் வாகன நிறுத்தத்தில்
மூன்று துண்டாயிருக்கும் கம்பத்தை ஒன்றாக்குகிறேன்.
டெர்மட் டார்ச்சோடு ஆணியைத் தேடுகிறான்:
தடுப்புச் சுவரில் அறைந்த பித்தளை ஆணி,
உயரம் நான்கு மீட்டர் அறுபத்திரண்டு,
இந்தக் கரையில் அசையாத ஒரே பொருள்
என்று அலுவலகம் நம்புவது.

அங்கிருந்து மேற்கே, கடலுக்குள், நேர்கோடு.
ஐந்து எட்டுக்கு ஒரு புள்ளி.
ஊன்று, குமிழி நடுவில் நிற்கட்டும், பீப்.
ஊன்று. பீப்.
உலர்ந்த மணல், ஈர மணல்,
பிறகு மணலே இல்லாமல் கெட்டிக் களிமண்.
கணுக்கால். முழங்கால்.
இடுப்பில் ஓர் அலை உடையும்போது
குளிர் பின்கழுத்து வழியாக உடைக்குள் இறங்கும்.
கம்பம் கோணக்கூடாது.
நான் கோணலாம்.

போன வருடம் இதே இடத்தில்
என் பாதம் இருந்த உயரத்தில்
இன்று என் இடுப்பு.

இங்கே மணல் வடக்கே நடக்கும்.
தென்மேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ள
ஹென்லி, கிரேஞ்ச் என்று கடந்து
செமஃபோரில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
நாங்கள் லாரி வைத்துத் திருப்பிக் கொண்டுவருவோம்.
கொட்டிய அன்றே அது கிளம்பிவிடும்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
கடலில் போடுவதற்கு
என்னிடம் எக்செல் இருக்கிறது.

செமஃபோரில் ஒரு பெண்மணி நாயோடு லாரியை மறித்தார்:
"இது எங்கள் மணல்."
இங்கே திரு. பென்ஹாலோவின் மரப்படியில்
கடைசி ஐந்து படிகள் காற்றில் தொங்குகின்றன.
"அது எங்கள் மணல்," என்றார் அவரும்.
இருவரும் சொல்வது சரி என்று
அறிக்கையில் எழுத ஒரு கட்டம் கிடையாது.

ஜூன் மாதக் கூட்டத்தில் திரையில் என் வரைபடங்கள்,
ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினோரு நிறக் கோடுகள்.
பின்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்டார்:
"எந்த வருடத்துக் கடற்கரையைத் திருப்பித் தருவீர்கள்?"
ஆளுக்கொரு வருடம் இருந்தது.
பென்ஹாலோவுக்கு எழுபத்து நான்கு.
ஒரு பெண்ணுக்கு
தன் மகன் நீந்தக் கற்ற தொண்ணூற்றொன்பது.
பதினாறு வயதுப் பையன் ஒருவன்
போன கோடையே போதும் என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
எனக்கு வருடம் இல்லை.
நான் வந்து இறங்கியபோதே
கடல் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

லாரிக்காரர் ஸ்டமாட்டிஸ்
ஒரு நடைக்குப் பதினெட்டு டன், நாளுக்குப் பதினான்கு நடை.
சென்ற வியாழன் அவர் கொட்டிய குவியலில்
குழந்தைகள் விளையாடும் பச்சை மண்வாரி ஒன்று,
கைப்பிடியில் பாதி இல்லை.
"போன சீசனிலும் இதைத்தான் கொண்டுவந்தேன்,"
என்று சத்தியம் செய்தார்.
பச்சை மண்வாரிகள் ஆயிரம் இருக்கும் என்றேன்.
"கைப்பிடி உடைந்ததா?"
வாங்கி, அழியாத மையில் பதினேழு என்று எழுதி,
டெர்மட் பார்க்காதபோது
இந்தக் கோட்டின் ஒன்பதாம் புள்ளியில் புதைத்தேன்.

இன்று ஒன்பதாம் புள்ளியில்
கம்பத்தின் நுனியால் இரண்டு முறை குத்திப் பார்த்தேன்.
களிமண்தான்.

கரையேறி, முறைப்படி, ஆணியை மறுபடி அளந்தோம்.
நான்கு மீட்டர் அறுபது.
டெர்மட் கருவியை அணைத்துப் போட்டான். அறுபது.
கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். அறுபது.
சுவரையும் என்னையும் பார்த்தான்.
"காபி குடித்துவிட்டு அளப்போம்."

தெற்கே முதல் லாரி பின்னோக்கி வருகிறது.
தொட்டி உயர்கிறது,
மணல் சரியும் ஓசை அலையை ஒரு கணம் அமுக்குகிறது.
அதிலிருக்கும் புழுவுக்காகக் கடற்காகங்கள்
ஏற்கெனவே வரிசையில்.
அறுபது என்றே எழுதினேன்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதை அடித்து.
நீர் ஏறத் தொடங்கிவிட்டது.
கோடு பதினெட்டு பாக்கி.