வளைவு ஆரம்

சோடியம் விளக்கு சூடேற ஐந்து நிமிடம்.
முதலில் இளஞ்சிவப்பு, அப்புறம்தான் மஞ்சள்.
மஞ்சள் வந்ததும்
தஹசீனின் பச்சைத் துப்பட்டா சாம்பலாகிவிடும்,
என் நெற்றிப் பொட்டு கறுத்துவிடும்.

வெளியே வேலூர். ஏப்ரல்.
ஃபேன் போடக்கூடாது, வளையங்கள் அதிரும்.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
மூக்கு நுனியில் திரண்ட வியர்வை
மைக்ரோஸ்கோப் மேல் சொட்ட,
பதினான்காவது வளையத்தில் எண்ணிக்கை தவறும்.
மறுபடி முதலிலிருந்து.

குடியாத்தத்தில் ப்ளஸ் டூ வரை
இதற்குப் பெயர் குறுக்கீட்டு விளைவு.
இங்கே இன்டர்ஃபியரன்ஸ்.
வைவாவில் பத்மாசனி மேடம் கேட்டபோது
பதில் நாக்கில் இருந்தது, பெயர்தான் இல்லை.
ஒளியும் ஒளியும் சேர்ந்தால் இருட்டு,
வளையங்களுக்கு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.
அதை நான் எந்த மொழியிலும் நம்பவில்லை,
கண்ணை வைத்துப் பார்க்கும்வரை.

கணக்குப் போட்டால் 612.
வரவேண்டியது 589.
மறுநாளும் 612.
அடுத்த வாரம் 611.

"ஐநூத்தி எண்பத்தொம்பதுன்னு எழுதேன்டி.
நாலு விட்டத்தைக் கொஞ்சம் கிள்ளினா போதும்."
விடையிலிருந்து பின்னோக்கி நடப்பதில்
தஹசீன் கெட்டிக்காரி.
பீரோ மேல் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டுகள்,
தூசி தட்டிப் பார்த்தேன்.
அத்தனையும் 589.
அத்தனையிலும் சிவப்பு மையில் வெரி குட்.

லென்ஸ் பெட்டியின் அட்டையில்
டைப் அடித்திருந்தது:
வளைவு ஆரம் நூறு சென்டிமீட்டர்.

விடுமுறைகளில் நான் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியவள்.
லேபிளில் ஐம்பது குச்சி.
உள்ளே நாற்பத்தாறும் இருக்கும், ஐம்பத்திரண்டும் இருக்கும்.
ஒட்டுகிற கைக்கு அது தெரியாது.
பசை காய்வதற்குள் அடுத்த பெட்டி.

"அண்ணா, இது பழைய லென்ஸ்தானா?"
அட்டெண்டர் எபிநேசர் பிடரியைச் சொறிந்தார்.
"பழசு உடைஞ்சிடுச்சும்மா,
நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்.
இது அம்பாலாவுல இருந்து வந்தது.
பெட்டி நல்லாத்தானே இருந்தது,
அதுலயே வச்சுட்டோம்."

ஸ்பெரோமீட்டரின் மூன்று கால்களை
லென்ஸின் முதுகில் நிறுத்தித் திருகினேன்.
நூற்று நான்கு. நூற்று இரண்டு. நூற்று ஏழு.
ஒருமுறை தொண்ணூற்றெட்டு.
பத்து முறை அளந்து வகுத்தேன்: நூற்று நான்கு.
நூற்று நான்கைப் போட்டால்
612 மெல்ல இறங்கி 588-இல் உட்காருகிறது.
கத்தவேண்டும்போல் இருந்தது.
அப்போதுதான் கரண்ட் போனது.

ஆறாமல் விளக்கை மறுபடி போடக்கூடாது.
இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.
"அந்தத் திருகோட பிழையே நாலு சென்டிமீட்டர் வரும்டி"
என்றது தஹசீனின் குரல்.
"நூறாவும் இருக்கலாம்."

இருக்கலாம்.
வேண்டிய எண் வந்ததும்
பதினோராவது முறை அளக்காமல்
நான் நிறுத்திக்கொண்டதும் உண்மைதான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

ரெக்கார்டில் இரண்டையும் எழுதினேன்,
தொண்ணூற்றெட்டையும் விடாமல்.
பத்துக்கு ஆறரை.
ஓரத்தில் மேடம் ஒரு கோடு இழுத்திருந்தார்,
எதற்கென்று விளங்காத கோடு.
பெட்டியின் அட்டையில் நூறுக்குப் பக்கத்தில்
பென்சிலால் 104 என்று எழுதிக்
கேள்விக்குறி போட்டேன்.
எபிநேசர் அண்ணன் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அன்று கடைசி பஸ்.
கிரீன் சர்க்கிளில் தெருவிளக்கு மஞ்சளில்
பச்சை எதுவும் பச்சையாக இல்லை.
பள்ளிகொண்டா வரை நின்றுகொண்டே வந்தேன்,
அப்புறம் இடம் கிடைத்தது, தூங்கிப்போனேன்.

வீட்டில் அடுப்புப் பக்கம் இருந்த
புதுத் தீப்பெட்டியைப் பிரித்துத்
தரையில் கொட்டி எண்ணினேன்.
நாற்பத்தொன்பது.
அம்மா சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.
மறுபடி எண்ணினேன்.