பானை உறி

நார்தாம்டன். ஜூலை. செவ்வாய் காலை பத்து மணி.
துணி உலர்த்தும் அறையில் மடிக்கணினி,
கேமராவில் படாத தூரத்தில் காலுறைகள்.
ஒன்பது சதுரங்கள்
ஒவ்வொன்றாய் விழித்துக்கொள்கின்றன.

பள்ளிக்கூடமே போகாத பிள்ளைகளுக்குக்
கோடை வகுப்பு எதற்கு என்று கேட்டார் மைத்துனர்.
தெரியவில்லை. ஆனால் கோடையில்தான் வருகிறார்கள்.
ஆறு வாரம், பண்டைய உலகம்,
ஆளுக்கு நாற்பத்தெட்டு பவுண்டு,
உடன்பிறந்தவர் என்றால் பாதி.

கார்ன்வாலில் ஜாகோ, தோளில் எப்போதும் ஒரு கோழி.
ஹல் நகரத்து இரட்டையர், இருவருக்கும் ஒரே நாற்காலி.
ஈலித் முகத்தைக் காட்டமாட்டாள், கூரையைக் காட்டுவாள்;
அந்தக் கூரையின் விரிசல் முழுக்க எனக்கு மனப்பாடம்.
பிரையனி மட்டும் நகர்ந்துகொண்டே இருப்பாள்.
கால்வாய்ப் படகுதான் அவளுக்கு வீடு.
அவள் ஜன்னலில் வில்லோ மரங்கள்
நடக்கிற வேகத்தில் பின்னால் போகும்.

இரண்டாம் வாரம் எகிப்து.
கல்லறை கட்டிய தொழிலாளிகளின் வருகைப் பதிவேடு,
ஒரு சுண்ணாம்புக் கல்லில்.
இன்னார் வரவில்லை, தேள் கொட்டியது.
இன்னார் வரவில்லை, பீர் காய்ச்சினான்.
ஒருநாளும் பெயர் கூப்பிட்டு
'உள்ளேன்' சொல்லிப் பழகாத பிள்ளைகள்
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த வாரம் ஜாகோவின் சதுரம் இல்லை.
அம்மா எழுதியிருந்தார்:
ஜாகோ வரவில்லை. கோழி செத்துவிட்டது.
வீட்டிலுள்ள உப்பை எல்லாம் கேட்கிறான்.

ஐந்தாம் வாரம்,
செங்கடல் துறைமுகம் ஒன்றில் தோண்டியெடுத்த ஓட்டுத் துண்டு.
ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பழசு. கீறியவை இரண்டு சொல்.
இது என் மொழி என்றேன்.
குரலில் கொஞ்சம் பெருமை, ஒப்புக்கொள்கிறேன்.
அதையே இரண்டு முறை எழுதியிருக்கிறான் பாருங்கள்:
பானை உறி. பானை உறி.

உறி என்றால்?

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
கயிற்றால் பின்னி உத்தரத்தில் தொங்கவிடுவது
என்றேன், அகராதி மாதிரி.
வெண்ணெய் திருடும் குழந்தைக் கடவுளின் பக்கத்தில்
காலண்டரில் பார்த்ததோடு சரி.
நான் பிறந்தது வால்தம்ஸ்டோவில்;
எங்கள் வெண்ணெய் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது.

ஏன் தொங்கவிட வேண்டும், இரட்டையரில் ஒருவன்.
எறும்பு வரும், பூனை வரும்.
கப்பலிலா எறும்பு, மற்றவன்.

பிரையனி மைக்கைத் திறந்தாள்.
முதலில் எஞ்சின் சத்தம்.
பிறகு மடிக்கணினியையே தூக்கித் திருப்பினாள்:
தாழ்ந்த கூரை, பித்தளைக் கொக்கி,
நீல நைலான் வலை,
அதற்குள் வெங்காயம், அதன்மேல் ஒரு கிண்ணம் முட்டை.
"மேசையில் வைத்தால், லாக் கதவில் இடிக்கும்போது
எல்லாம் தரையில்.
இதில் வைத்தால் படகுதான் ஆடும்.
முட்டை ஆடாது."

அகராதியில் இது இல்லை.

நீயே சொல்லிப் பார் என்றேன்.
அவள் வாயில் றகரம் மெலிந்து
'உரி' என்று வந்தது.
வெங்காயத்துக்கு அதுவும் பொருந்தும்.
திருத்தவில்லை.

அதற்குள் அவள் அப்பா எங்கிருந்தோ கத்தினார்:
பிளிஸ்வொர்த் சுரங்கம் வருகிறது.
"உள்ளே சிக்னல் இருக்காது, அரை மணிக்கும் மே"
என்ற இடத்தில் குரல் அறுந்தது.
வலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்தபடி உறைந்து நின்றது,
பிறகு சதுரமும் போனது.
மற்ற எட்டுப் பேருக்கும்
மிளகு வணிகம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஈலித்தின் கூரை முதல்முறையாகக் கீழிறங்கி
ஒரு நெற்றி தெரிந்தது, கொஞ்சம் தலைமுடி.
"அவள் வெளியே வந்துவிடுவாள்தானே?"

வகுப்பு முடிந்து வரைபடத்தில் தேடினேன்.
அந்தச் சுரங்கம் என் வாசலிலிருந்து ஐந்து மைல்.
அவள் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை.

பதினொன்று இருபதுக்கு ஒரு செய்தி:
வெளியே வந்துவிட்டோம். முட்டை ஒன்றும் உடையவில்லை.
அந்த ஆள் ஏன் இரண்டு தடவை எழுதினார்?

தெரியாது என்று எழுதி அனுப்பினேன்.
காலுறைகளை மடித்துவைத்துவிட்டு வந்து
தெரியாது என்று
இன்னொரு முறை.