மூன்றாவது வரிசை

வெயில் ஏறினால்
என் கார் தானாக ஃபோன் போடும்.

திரைக்கு அடியில் ஏதோ உப்பிவிட்டதாம்,
இல்லாத விரல் ஒன்று வந்து தொடுகிறதாம்.
ஏஜென்சியில் சொன்னார்கள்:
வாரண்டி முடிந்து ஐந்து வாரம் ஆகிறது,
கம்பெனி திரை மூவாயிரத்து இருநூறு வெள்ளி,
கூலி தனி.
சிஓஇ இன்னும் மூன்று வருஷம் ஏழு மாசம்தான்.
சிரித்துவிட்டு வந்தேன்.

அந்த விரல் கண்ட இடத்தில் தொடாது.
வலது ஓரம், மூன்றாவது வரிசை.
அங்கே என் தம்பியின் பெயர் இருந்தது.

பேங்க் வேலையை விட்டுட்டு
அடுத்தவன் பெட்டியைத் தூக்கி பூட்ல வைக்கிறியா என்று
தீபாவளிக்கு வந்தவன் கேட்டான், இளம்பரிதி.
முறுக்குத் தட்டை மேசையில் கொஞ்சம் ஓங்கியே வைத்தேன்.
அதன்பிறகு பத்தொன்பது மாசம்
அவன் பொங்கோலில், நான் புக்கிட் பாத்தோக்கில்.
ஒரே தீவின் இரண்டு மூலை,
வடகிழக்குப் பாதை ரயில் எனக்குத் தேவைப்படவே இல்லை.

முதல் தடவை பான் தீவு விரைவுச்சாலையில்.
பின்சீட்டில் விமான நிலையம் போகும் பெண்.
நான்கு ஸ்பீக்கரிலும் மணி அடித்தது,
எடுத்தான்.
ஹலோ என்றான்.
லாரிக்கும் மழைக்கும் நடுவில்
எனக்குப் பதில் வரவில்லை.
அவனும் வைக்கவில்லை.
பதினோரு நிமிஷம்.
டிரைவர், லைனில் யாரோ இருக்காங்க போல, என்றாள் அந்தப் பெண்.
ஆமாம் என்றேன்.

பெயரை வேறு வரிசைக்கு நகர்த்தியிருக்கலாம்.
நகர்த்தவில்லை.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது.
ஒன்றரை மணிக்குமேல், மேகம் இல்லாத நாளில்.
அவன் ஆபீஸில் பிரிண்டர் ஓடுவது கேட்கும்,
யாரோ மாண்டரினில் சாப்பாடு ஆர்டர் எடுப்பது கேட்கும்.
ஒருநாள் இருமினான்.
இரண்டாம் நாளும் இருமினான்.
மருந்து குடித்தானா என்று கேட்க
வாய் வரைக்கும் வந்தது,
ஈஆர்பி கேன்ட்ரி பீப் என்றது.

நட்சத்திரம் நான்கு புள்ளி ஒன்பதிலிருந்து
ஏழுக்கு இறங்கியது.
ஒரு பயணி எழுதியிருந்தார்:
வண்டி சுத்தம். ஆனால் டேஷ்போர்டுக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள்.

காக்கி புக்கிட்டில், நான்காவது மாடியில்,
ருஸ்லி பிளாஸ்டிக் நெம்புகோலை விளிம்பில் செருகினான்.
டக், டக், டக்.
ஒவ்வொரு கிளிப்புக்கும் என் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது.
நான்கு திருகு.
உள்ளே வயர்க் கொத்து, ஒரு கைப்பிடிச் சேமியா மாதிரி.
இது ரேடியோ இல்ல சிஸ், என்றான்,
ஏசி இதில, கேமரா இதில, ஸ்டியரிங் பொத்தான் இதில,
ஒண்ணைப் பிடுங்கினா எல்லாம் கோவிச்சுக்கும்,
தனி டப்பா போட்டுச் சமாதானம் பண்ணணும்.

பிடுங்கியதும் சிக்னல் போட்டுக் காட்டினான்.
விளக்கு மின்னியது. சத்தம் இல்லை.
டிக் டிக் என்பதுகூட இப்போதெல்லாம்
ஸ்பீக்கர் போடும் நடிப்புதானாம்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து
கோப்பி ஓ ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இந்த இரண்டு மாசமாய் அவன் என்னிடம் கேட்டதெல்லாம்
பெரும்பாலும் அந்தச் சத்தம்தான்.

எண்ணூற்று நாற்பது வெள்ளி.
பழசு வேணுமா சிஸ், குப்பையில போடவா?
என்ன நினைத்தேனோ, பூட்டில் வை என்றேன்.

புதுத் திரை ரொம்ப நல்ல பிள்ளை.
தொட்டால்தான் தொடும்.
திங்கள் வெயில், செவ்வாய் அதைவிட,
ஒன்றரை, இரண்டு, இரண்டே கால்,
ரேடியோவில் செய்தி முடிந்து விளம்பரம் வந்தது.

வியாழன் மூன்று மணிக்கு,
பிடோக்கில் பயணிக்காக நிற்கும்போது
ஒரு வரி வந்தது:
காரை வித்துட்டியா?

இல்ல என்று அடித்தேன். அழித்தேன்.
ரேடியோ மாத்தினேன் என்று அடித்தேன், அதையும்.
நின்ற இடத்திலேயே
இடது சிக்னலைப் போட்டுக் கேட்டேன்.
புதுச் சத்தம் கொஞ்சம் தடிப்பு.
அவனுக்குப் பழகணும்.