ஆண்டறிக்கையில் எழுதாதது

மிஷன் அலுவலகம் அனுப்பிய தாளில் ஏழு கட்டங்கள்.
ஞானஸ்நானம் எத்தனை, பிரசவம் எத்தனை,
செலவான பஞ்சு எத்தனை ராத்தல்.
ஐந்தாவது கட்டம்: நன்றிக்குரியவை.
அதற்கு விட்டிருக்கும் இடம்
என் கட்டைவிரல் அகலம்.

வெளியே ஹால்வர்
சைக்கிள் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி
குமிழி வரும் இடம் தேடுகிறார்.
காலையிலிருந்து இது மூன்றாவது முள்.
ஆக்கூரில் வேதபாடத்துக்கு
நாலு பேர் காத்திருப்பார்கள்,
இல்லை, ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள்.
அறுப்புக் கூலி பேசும் நாள் இன்று.

வந்த புதிதில்
நான் மனப்பாடம் செய்த முதல் தமிழ்ச்சொல் நன்றி.
பால் ஊற்றும் தைலம்மைக்குத் தினமும் சொன்னேன்.
பதினோராம் நாள்
அவள் செம்பைக் கீழே வைத்தாள்.
"ஏன் சின்னாயி, அன்னன்னிக்கே கணக்கைத் தீக்கிறே?
நாளைக்கு நான் வர வேணாமா?"

சிக்னே என்பது என் பெயர்.
வீரசோழன் கரையில் அது சின்னாயி ஆகிப்
பதினாலு வருஷம்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை
ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்து வைத்துவிட்டேன்.
கோயிலில் ஸ்தோத்திரம் சொன்னால்
ஆண்டவர் கோபித்துக்கொள்வதில்லை.
மற்ற ஆறு நாளும் கடன்பட்டிருக்கப் பழகினேன்.
சுலபமில்லை.
பனி பெய்யும் எங்கள் ஊரில்
இரவல் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து
விளக்கு வைப்பதற்குள் கொடுத்துவிடுவோம்.
இங்கே வெறுங்கிண்ணம் திரும்பக் கூடாதாம்.
இரண்டு கத்தரிக்காயாவது கிடக்க வேண்டும்.
நான் சமைத்தது கிடக்கக் கூடாது;
அதை யாரும் சொல்லவில்லை,
நானாகத் தெரிந்துகொண்டேன்.
தைலம்மையின் பித்தளைக் கிண்ணம்
எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே
இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

எனக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது
உபதேசியார் மனைவி மாசிலாமணி
இருபது நாள் நொய்க்கஞ்சி புகட்டினாள்.
என் கைமருந்துப் பெட்டியை
அவள் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.
வெள்ளத்தில் பாலம் முழுகிய இரவு
காசிம் மரைக்காயர்
மாடு பூட்டாமல் தானும் தம்பியுமாய் வண்டியை இழுத்து
என்னைச் சேரிக்குக் கொண்டுபோய் விட்டார்.
அது அஞ்சுகத்தின் மூன்றாவது பிரசவம்.

பிள்ளை அழவில்லை.
தலைகீழாய்ப் பிடித்துத் தட்டினேன், ஊதினேன்,
தெரிந்த ஜெபம் எல்லாம் என் பாஷையில் சொன்னேன்.
விடியும்போது
சின்ன மூட்டையாய்ச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு
நான்தான் விசும்பினேன்.
பெற்றவள் பாயில் கிடந்தபடி
என் முழங்காலைத் தொட்டுக் கேட்டாள்:
"ராத்திரி சாப்ட்டியா?"

இதை எந்தக் கட்டத்தில் எழுத?

பேனாவைத் திறந்து வைத்திருக்கும்போதே கூச்சல்.
தண்ணி வந்துடுச்சு, வாய்க்கால்ல தண்ணி.
பையன்கள் கரையோடு ஓடுகிறார்கள்.
டியூபைப் போட்டுவிட்டு
ஒற்றைச் செருப்போடு ஹால்வரும் ஓடுகிறார்.
நானும் போய்ப் பார்த்தேன்.
சருகு, வேப்பங்கொட்டை, பாம்புச் சட்டை,
அழுக்கு நுரை எல்லாவற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு
கூச்சப்படும் விருந்தாளிபோல
வெடிப்பு வெடிப்பாய் நின்று நின்று வருகிறது.
யாரும் அதற்கு எதுவும் சொல்லவில்லை.
மண்வெட்டியோடு இறங்கி
மடை திறக்கிறார்கள், அவ்வளவுதான்.
அஞ்சுகமும் இருக்கிறாள், முழங்கால் சேற்றில்,
இடுப்பில் போன வருஷத்துப் பெண்குழந்தை.
என்னைப் பார்த்து
"காலை வை, சின்னாயி" என்றாள்.
வைத்தேன்.

திரும்பி வந்து
முதல் கட்டத்தில் சுழி போட்டேன்.
ஐந்தாவதில் எழுதினேன்:
பாக்கி உண்டு. தொகை தெரியவில்லை.
கடல் தாண்டி அதைப் பிரிப்பவர்
கணக்குப் பிழை என்றுதான் நினைப்பார்.

டியூப் தொட்டியில் மிதக்கிறது.
ஹால்வர் இன்னும் வரவில்லை.
சமையற்கட்டில் தைலம்மையின் கிண்ணம்,
இன்று அதில் போட ஒன்றுமில்லை.
கொல்லை முருங்கையில்
பூச்சி விழாத கீரை ஒரு பிடியாவது இருக்குமா,
பார்க்க வேண்டும்.